வேற்றுக்கிரகத்துக்கு ஒரு மக்களைப் படைப்பது எப்படி?

வேற்றுக்கிரகவாசிகள் வரும் திரைப்படங்களில் பெரும்பாலும் ஒரு கிரகத்துக்கு ஒரு மொழிதான். உடையும் ஒன்று, குணமும் ஒன்று. போர்வெறி கொண்ட இனம் என்று சொல்லிவிட்டால் அங்கே சமைப்பவரும் பிள்ளையைத் தூங்கவைப்பவரும் கூடப் போர்வெறியர்களே. அங்கே யாரும் பக்கத்து ஊரின் பேச்சைக் கேலி செய்வதில்லை. அம்மம்மா சொன்ன கதையைப் பேரப்பிள்ளை நம்பாமல் விடுவதும் இல்லை.

விண்கலத்தை நம்பும் வாசகர், அதில் வந்திறங்கும் மக்களை நம்ப மறுப்பது இதனால்தான். பூமியில் அப்படியொரு சமூகம் இருந்ததில்லை. ஆனால் அப்படி எழுதப்பட்ட சமூகங்கள் ஏராளம். ஒரு மக்களை அடக்க வந்தவர்களின் குறிப்புகளில் அம்மக்கள் பெரும்பாலும் ஒரே முகத்தோடும் ஒரே குணத்தோடும்தான் இருப்பார்கள். எமது ஊர்களைப் பற்றி வெளியார் எழுதியவற்றை வாசித்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஆகவே, கற்பனையில் ஒரு மக்களை நம்பும்படி படைப்பது எப்படி என்ற கேள்விக்குள், மற்றவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது.

விஞ்ஞானப் புனைகதை இக்கேள்வியை ஆரம்பத்திலேயே தொட்டது. 1898இல் நூலாக வெளிவந்த எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாய்க்கிரகத்தவர் இங்கிலாந்தின் மீது படையெடுக்கிறார்கள். ஐரோப்பியரால் அழிக்கப்பட்ட தாஸ்மேனியப் பூர்வகுடிகளை முதலாவது அத்தியாயத்திலேயே வெல்ஸ் நினைவூட்டுகிறார். அங்கே செய்யப்பட்டது இங்கே, எமக்கே நடந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் நாவலின் அடிநாதம். ஆயினும் அவருடைய செவ்வாய்க்கிரகத்தவர் வந்து அழிப்பவர்கள் மட்டுமே. அவர்களுக்கென்று ஒரு வீட்டையோ, ஒரு துக்கத்தையோ நாம் அதில் காண்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின்.

மானிடவியலாளரின் மகள்

லெ குவின் 1929இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் பிறந்தார். தந்தை அல்பிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலாளர். கலிபோர்னியப் பூர்வகுடிகளின் மொழிகளையும் வழக்கங்களையும் பதிவுசெய்வது அவரது பணி. அது அழிவின் பின்னர் நடந்த பணி. 1848இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் குடியேறிகள் வெள்ளமாக வந்தார்கள். படுகொலையும் நோயும் இடப்பெயர்வுமாகப் பூர்வகுடிகள் சிதைந்து போனார்கள்.

1911 ஓகஸ்ட் மாதம், ஓரோவில் என்ற ஊருக்குப் பசியோடு தனியாக ஒருவர் வந்துசேர்ந்தார். யாஹி என்ற மக்களில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர். குரோபரும் அவரது சகாக்களும் அவரை சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துவந்து அங்கேயே தங்கவைத்தார்கள். யாஹி வழக்கப்படி ஒருவர் தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது. அவருக்காக அதைச் சொல்ல அவரது மக்களில் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. எனவே அவரது மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லையே குரோபர் அவருக்குப் பெயராக வைத்தார்.

1916இல் இஷி காசநோயால் இறந்தார். உடலை அறுக்க வேண்டாம் என்று குரோபர் நியூயோர்க்கிலிருந்து எழுதியும் அது நடந்தது. அகற்றப்பட்ட மூளையைப் பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பியவரும் அதே குரோபர்தான். 2000ஆம் ஆண்டில்தான் அது இஷியின் உறவு மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2021இல் பேர்க்லிப் பல்கலைக்கழகம் தன் கட்டடமொன்றுக்கு இட்டிருந்த குரோபரின் பெயரை நீக்கியது.

இஷியின் வரலாற்றை 1961இல் நூலாக எழுதியவர் லெ குவினின் தாயார் தியோடோரா. ஐந்து வருடங்கள் கழித்து வெளிவந்த லெ குவினின் முதல் நாவலில் கதாநாயகன், வேறு உலகத்து மக்களை ஆராயச் சென்ற ஓர் இனவியலாளர். நல்லெண்ணத்தோடு வருபவருக்கும் எல்லாம் விளங்கிவிடாது என்ற எண்ணம் அவரது எழுத்தில் தொடர்ந்து வருகிறது.

ஒரு மாற்றம், பல விளைவுகள்

1969இல் வெளிவந்த 'இருளின் இடது கை' நாவலில் அவரது முறை தெளிவாகத் தெரிகிறது. கெத்தன் என்பது கடுங்குளிர்க் கிரகம். அங்குள்ள மனிதர்கள் மாதத்தின் பெரும்பகுதியில் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர். சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவார்கள். எவரும் கர்ப்பம் தரிக்கலாம். சில பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பவரே வேறு சில பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருக்கலாம்.

இந்த ஒரு மாற்றத்தை வைத்துக்கொண்டு லெ குவின் அன்றாட வாழ்க்கைக்குள் இறங்குகிறார். எவருக்கும் பிள்ளை பிறக்கலாம் என்றால், பிள்ளைப்பேற்றைக் காரணம் காட்டி ஒரு பகுதியினரை மட்டும் வீட்டோடு வைக்க முடியாது. அந்தச் சில நாட்களுக்கு எல்லோருக்கும் வேலையில் விடுப்பு வேண்டும். அரசரே கர்ப்பமாகலாம். குளிரும் அப்படித்தான். பனிக்கு அங்கே பல சொற்கள் உண்டு. வாகனங்கள் மெதுவாகவே ஓடும். ஆண்டைக் கணக்கிடும் முறையும் வேறு: நடப்பு ஆண்டு எப்போதும் முதலாம் ஆண்டுதான். புத்தாண்டு பிறந்ததும் கடந்தவற்றை மறுபடி எண்ணிக்கொள்வார்கள்.

கெத்தன் முழுவதும் ஒரே குணம் கொண்டதும் அல்ல. கார்ஹைட் ஒரு முடியாட்சி. அயல்நாடான ஓர்கோரெய்னில் அதிகாரிகளும் பத்திரங்களும் தடுப்புப் பண்ணைகளும் உள்ளன. நாவலின் நடுநடுவே அம்மக்களின் பழங்கதைகள் வருகின்றன. வெளியுலகிலிருந்து தூதராக வரும் கென்லி ஐ, தனக்காக எல்லாவற்றையும் பணயம் வைக்கும் எஸ்ட்ராவென்னையே நீண்டகாலம் சந்தேகிக்கிறார். இவ்வாறு, பார்ப்பவரின் பார்வைக் கோளாறும் கதையின் ஒரு பகுதியாகிறது.

குறையும் இருந்தது. கெத்தன் மக்களை ஆங்கிலத்தில் 'அவன்' என்ற சொல்லாலேயே லெ குவின் குறித்தார். வாசகர் மனதில் அவர்கள் ஆண்களாகவே பதிகிறார்கள் என்று விமர்சகர்கள் கண்டித்தார்கள். முதலில் தன் தெரிவை நியாயப்படுத்திய அவர், பின்னர் விமர்சனத்தை ஏற்றுக்கொண்டார். தமிழில் எழுதுபவருக்கு இங்கே 'அவர்' கைகொடுக்கும். ஆனால் அண்ணா, அக்கா, மாமா, சித்தி என்று கூப்பிடத் தொடங்கினால் மாட்டிக்கொள்வோம். எமது உறவுமுறைச் சொற்கள் ஆண் பெண் வேறுபாட்டின் மீது கட்டப்பட்டவை. கெத்தன் வீடொன்றில் ஒரு பிள்ளை யாரை எப்படிக் கூப்பிடும் என்று யோசித்தாலே அந்தச் சமூகத்தின் பாதி விளங்கிவிடும்.

அழிவின் பின்னர் மிஞ்சுவது

வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டு 1972இல் வெளியான குறுநாவல் 'உலகத்துக்கான சொல் காடு'. அத்ஷி மக்களின் மொழியில் காட்டுக்கும் உலகத்துக்கும் ஒரே சொல்தான். விழித்துக்கொண்டே கனவு காணத் தெரிந்த அவர்கள், பிணக்குகளைப் பாட்டுப் போட்டியால் தீர்த்துக்கொள்பவர்கள். மரம் வெட்டப் பூமியிலிருந்து வந்தவர்கள் அவர்களை அடிமைகளாக்குகிறார்கள். மனைவியைப் பறிகொடுத்த செல்வெர் என்பவரின் தலைமையில் அத்ஷி மக்கள் திருப்பித் தாக்குகிறார்கள். இறுதியில் வந்தவர்கள் வெளியேறுகிறார்கள்.

ஆனால் கதை வெற்றி முழக்கத்தோடு முடிவதில்லை. கொல்லத் தெரியாதிருந்தவர்கள் கொல்லக் கற்றுக்கொண்டார்கள். கற்றதை இனி மறக்க முடியாது என்பது செல்வெருக்குத் தெரியும். யுத்தம் வெளியேறினாலும் அது விட்டுச்சென்றது மக்களுக்குள் தங்கிவிடுகிறது. அத்ஷி மக்களை நாம் நம்புவது அவர்கள் தூய்மையானவர்கள் என்பதால் அல்ல. நடந்தவை அவர்களை மாற்றிவிட்டன என்பதால்தான். இக்கதையில் வரும் கப்டன் டேவிட்சன் மட்டும் முழுக்க முழுக்கத் தீயவர். இதை லெ குவினே பின்னர் ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று எழுதும்போதும், எதிரில் இருப்பவரை ஒரே குணத்துக்குள் அடைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

எழுத விரும்பும் இளையவர்கள் இவற்றிலிருந்து சில கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். இந்த மக்களின் உடலிலோ நிலத்திலோ உள்ள ஒரு வேறுபாடு என்ன? அது சமையலையும் பிள்ளைப்பேற்றையும் சொத்துரிமையையும் சாவீட்டையும் எப்படி மாற்றுகிறது? அவர்கள் எதைப் பற்றித் தமக்குள் சண்டை பிடிக்கிறார்கள்? வழக்கத்தை மீறுபவர் யார்? கதையைச் சொல்பவர் எதைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்? அவர்கள் எதை இழந்தார்கள், அதை எப்படி நினைவுகூருகிறார்கள்?

இன்னொன்றும் உண்டு: வெளியாருக்கு அவர்கள் சொல்லாமல் வைத்திருப்பது என்ன? இஷி அருங்காட்சியகத்தில் நான்கரை வருடங்கள் வாழ்ந்தார். தன் மொழியின் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார், அம்பு செய்து காட்டினார், கதைகள் சொன்னார். தன் பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. எல்லாம் பறிபோன பின்னரும் அந்த ஒரு வழக்கத்தை அவர் விடவில்லை. நாம் கற்பனை செய்யும் மக்களிடமும், எழுதும் எமக்கே முழுமையாகச் சொல்லாத ஒன்று இருக்கட்டும்.