தொழில்நுட்பக் கடனும் அதனைத் தீர்க்கும் வழியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

கடன் என்றால் என்னவென்று கம்மாபுரம் வட்டாரத்து உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. விதைப்புக்கு முன் வாங்கி அறுவடைக்குப் பின் அடைப்பது நம் வழக்கம். காலத்தில் கிடைத்த கடனால் விளைந்த நிலமும் உண்டு. வட்டி ஏறிக் கைமாறிப் போன நிலமும் உண்டு. மென்பொருளிலும் இப்படி ஒரு கடன் இருப்பதை வகுப்பில் கேட்டபோது வியந்தேன். அதனைப் பற்றி அறிந்தவற்றை நண்பர்களுக்குச் சொல்வதே என் நோக்கம்.

அமெரிக்கரான வார்டு கன்னிங்ஹாம் 1992-ஆம் ஆண்டில், நிதி நிர்வாக மென்பொருள் ஒன்றை உருவாக்கிய அனுபவத்தை விளக்கும்போது இந்த உவமையைக் கையாண்டார். விரைவில் முடிப்பதற்காக முழுமையற்ற நிரலை வெளியிடுவது கடன் வாங்குவது போன்றது. பின்னர் திருத்தி எழுதுவது கடனை அடைப்பது. திருத்தாமல் விட்டால் பிறகு செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் கூடுதல் உழைப்பே வட்டி. இதனைத் தொழில்நுட்பக் கடன் என்பர்.

எடுத்துக்காட்டாக, வருகைப் பதிவுக்கு ஒரு நிரல் எழுதுகிறோம். பாடங்கள் ஐந்து என்பதால் பல இடங்களிலும் 5 என்ற எண்ணையே எழுதிவிடுகிறோம். வேலை விரைவில் முடிகிறது. அடுத்த பருவத்தில் ஆறாவது பாடம் வந்தால் அத்தனை இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். ஓரிடம் தப்பினாலும் கணக்குப் பிழையாகும்.

இதற்குப் பெரிய சான்று நம் தமிழிலேயே இருக்கிறது. தொடக்கக் காலக் கணினி எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. தமிழ் எழுத்துகளோ 247. ஆங்கிலமும் வேண்டுமென்றால் இடம் போதாது. எனவே எழுத்துருவைச் செய்தவர்கள் எழுத்துகளைத் துண்டுகளாக்கி, அவரவர்க்கு ஏற்ற இடத்தில் வைத்தனர். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஆங்கிலக் குறிகளே. அச்சிடுவதற்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைய தேவைக்கு வாங்கிய அந்தக் கடனைத் தவறென்று சொல்ல முடியாது.

வட்டி பின்னர்தான் வந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியீடுகள் தரமாக வகுக்கப்பட்டன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக ஏற்றது. ஆனால் அதற்குள் பழைய எழுத்துருக்களில் எத்தனையோ கோப்புகள் குவிந்துவிட்டன.

மாலை வேளைகளில் விருத்தாசலத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் நான் வேலை பார்க்கிறேன். ஒருவர் தம் சங்கத்தின் பழைய முகவரிப் பட்டியலைக் கொண்டுவந்தார். பாமினியில் அடித்தது. யூனிகோடில் 'கம்மாபுரம்' என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. மாற்றும் நிரலில் இட்டேன். தமிழ் சரியாக வந்தது. இடையிலிருந்த ஆங்கிலச் சொற்களெல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துகளாயின. முந்நூறு பெயர்களைத் திருத்த இரண்டு மாலைகள் போயின. கடன் வாங்கியவர் யாரோ. வட்டி கட்டியவன் நான். இக்கடனின் கொடுமை இதுதான்.

இனி, இதனை நிர்வகிக்கும் முறையைப் பார்ப்போம். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர்கள் கூடி அஜைல் கொள்கை அறிக்கையை வெளியிட்டனர். கன்னிங்ஹாமும் அவர்களுள் ஒருவர். இம்முறையில் பணியை ஓரிரு வாரச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இயங்கும் மென்பொருளைக் காட்டுவது வழக்கம். காட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது ஒட்டுப்போட்டு முடிக்கும் ஆசை எழும். ஆகவே கடன் ஏற வாய்ப்பு மிகுதி. ஆனால் அடிக்கடி நின்று பார்ப்பதால், அடைக்கும் வாய்ப்பும் அதே முறையில் உண்டு.

முதலாவதாக, எந்த இடத்தில், எதற்காகக் குறுக்கு வழியில் சென்றோம் என்பதைப் பணிப் பட்டியலில் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு நேரத்தை அடைப்பதற்கென்று ஒதுக்க வேண்டும். மூன்றாவதாக, வட்டி மிகுந்த கடனை முதலில் அடைக்க வேண்டும். அடிக்கடி கைவைக்கும் பகுதியைத் திருத்துவதே முதல் வேலை. யாரும் தொடாத பகுதி காத்திருக்கலாம். நான்காவதாக, சோதித்துப் பார்க்காத வேலையை 'முடிந்தது' என்று சொல்லக்கூடாது. சோதனைகள் இருந்தால்தான், வெளிச் செயல் மாறாமல் உள்ளமைப்பைச் சீர்செய்யும் ரீஃபாக்டரிங்கை அச்சமின்றிச் செய்யலாம். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரேயடியாகப் புதிதாக எழுதலாம் என்பது பெரும்பாலும் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவதாகவே முடியும்.

ஒன்றை மறக்கலாகாது. தெரிந்தே, திட்டத்தோடு வாங்குவது கடன். சோம்பலால் அலங்கோலமாக எழுதிவிட்டு அதற்கும் கடன் என்று பெயர் சூட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வதாகும்.

என் தாயார் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆயினும் யாரிடம், எதற்காக, எவ்வளவு வாங்கினோம் என்பதை ஒரு நோட்டில் எழுதச் சொல்வார். நெல் விற்ற பணம் வந்ததும் வட்டி கூடுதலான கடனை முதலில் அடைத்து அந்த வரியை அடிக்கச் சொல்வார். எழுதியவன் நான்தான். நாளை நாம் எழுதப்போகும் நிரல்களுக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். நமக்குப் பின் வருவோர் நம் வட்டியைக் கட்டும் நிலை வரலாகாது.