வாட்ச்மேன் தாத்தாவுக்குக் காய்ச்சல்

கண்ணுகளா, வாங்க, பக்கத்தில் உட்காருங்க. இன்றைக்கு ஒரு காரைப் பற்றிப் பேசுவோம். பேச்சைத் தொடங்கி வைத்தது நான் இல்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கிற என் தங்கை மகள் கேட்ட ஒரு கேள்வி.

தங்கை குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஒரு ஜனவரியில் நான் அங்கே போயிருந்தேன். எல்லோரும் சேர்ந்து ரயிலில் பத்து நாள் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பினோம். வாசலில் அவர்கள் கார் நின்றது. கிளம்புவதற்கு முன்பே அதில் சார்ஜ் முழுதாக ஏறிவிட்டது. பெட்ரோலும் நிறைய இருந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளை காரில் ஏறிப் பொத்தானை அழுத்தினார். கார் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பதில் டேஷ்போர்டு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாய் விளக்குகள். கோயில் திருவிழா சீரியல் லைட் போல ஒன்று அணைய ஒன்று எரிந்தது. உள்ளேயிருந்து 'டிக் டிக் டிக்' என்று சத்தம்.

"மாமா, பேட்டரி ஃபுல்லா இருக்கு. பெட்ரோலும் இருக்கு. அப்புறம் ஏன் எழுந்திரிக்க மாட்டேங்குது?"

எவ்வளவு அழகான கேள்வி! இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அந்த விளக்குகளில் பாதி உங்களுக்குப் புரிந்துவிடும்.

முதலில் இது என்ன கார்? ஒட்டு மாங்கன்று பார்த்திருக்கிறீர்களா? வேர் ஒரு மரத்துடையது. மேலே வளரும் கிளை இன்னொரு மரத்துடையது. இரண்டும் சேர்ந்து ஒரே மரமாய்க் காய்க்கும். அது போல, பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற கார்தான் ஹைபிரிட் கார். வீட்டிலேயே பிளக்கில் சொருகிச் சார்ஜ் ஏற்ற முடிந்தால் அது பிளக்-இன் ஹைபிரிட். பக்கத்துக் கடைக்குப் போக மின்சாரம். தூரத்து ஊருக்குப் போகப் பெட்ரோல்.

புரிகிறதா? நல்லது. இப்போது ரகசியத்துக்கு வருவோம்.

இந்தக் காருக்குள் ஒரு பேட்டரி இல்லை. இரண்டு.

ஒன்று பெரியது. இருக்கைக்கு அடியிலோ பின்பக்கத்திலோ பெட்டி போலப் படுத்திருக்கும். டொயோட்டாவின் 2017 மாடல் பிரியஸ் பிரைம் காரை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பேட்டரியில் 95 செல்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கின்றன. ஒவ்வொரு செல்லும் 3.7 வோல்ட். பென்சிலை எடுங்கள், பெருக்கிப் பாருங்கள். 351.5 வோல்ட் வருகிறதா? சபாஷ்! நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். அதைவிட இது எவ்வளவு அதிகம் பாருங்கள்.

அதில் 8.8 யூனிட் மின்சாரம் அடங்கும். வீட்டுக் கரண்ட் மீட்டரில் ஓடுமே, அதே யூனிட்தான். அதைக் கொண்டு ஒரு சாதாரண மின்விசிறியை இரவு பகலாக ஏறக்குறைய ஐந்து நாள் சுற்ற விடலாம்.

இன்னொன்று சின்னது. 12 வோல்ட். பெரியதில் 8.8 யூனிட் என்றால் இதில் ஏறக்குறைய அரை யூனிட். சாதாரணக் காரில் இருக்கிற ஈய பேட்டரி போன்றதுதான். கதவுப் பூட்டு, ஹாரன், விளக்கு, காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன.

சரி, இவ்வளவு பெரியது பக்கத்திலேயே இருக்கும்போது இந்தச் சின்னது எதற்கு?

உங்கள் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்நூறு பிள்ளைகள், இருபது ஆசிரியர்கள். ஆனால் காலையில் கேட்டைத் திறப்பது யார்? வாட்ச்மேன் தாத்தா. சாவிக்கொத்து அவரிடம்தான். முதல் மணி அடிப்பதும் அவர்தான். அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் ஐந்நூறு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். தலைமை ஆசிரியரும் கூடத்தான்!

காரிலும் அப்படியே. பெரிய பேட்டரியின் மின்சாரம் ஆபத்தானது. அதனால் கார் தூங்கும்போது அதைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைக்கிறார்கள். பூட்டு என்றால் ரிலே என்கிற கனத்த சுவிட்ச். அந்தச் சுவிட்சை இழுத்து மூடும் வேலை சின்ன பேட்டரியுடையது. அது மூடினால்தான் மின்சாரம் வெளியே வரும். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். தாத்தா கேட்டைத் திறக்கிற சத்தம் அது.

பெட்ரோலாவது உதவக்கூடாதா என்று கேட்கிறீர்களா? இந்த வகைக் கார்களில் பெட்ரோல் எஞ்சினைச் சுற்றி எழுப்புவதும் பெரும்பாலும் பெரிய பேட்டரியின் மோட்டார்தான். கேட் திறக்காவிட்டால் அதுவும் தூங்கும்.

இப்போது சொல்லுங்கள், மாப்பிள்ளையின் காருக்கு என்ன ஆயிற்று? ஆமாம், வாட்ச்மேன் தாத்தாவுக்குக் காய்ச்சல்!

பத்து நாள் கார் நின்றபடியே நின்றது. ஆனால் பூட்டுக்கும் திருட்டு அலாரத்துக்கும் துளித்துளியாய் மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது. பல கார்களில் ஓடும்போதோ பெரிய பேட்டரி சார்ஜ் ஆகும்போதோதான் சின்னதுக்கும் சாப்பாடு கிடைக்கும். பெரியது நிரம்பிவிட்டால் சாப்பாட்டுக் கடை மூடிவிடும். சில புதிய கார்கள் நடுநடுவே எழுந்து சின்னதுக்கு ஒரு வாய் ஊட்டுவதும் உண்டு. இந்தக் கார் அப்படிச் செய்யவில்லை. போதாக்குறைக்கு ஜனவரிக் குளிர் வேறு. குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதி வினைகள் மந்தமாகிவிடும்.

அப்படியானால் ஏன் அத்தனை விளக்குகள்? பிரேக், ஸ்டீயரிங், எஞ்சின் எல்லாமா கெட்டுப்போயின? இல்லை, கண்ணுகளா. காரின் கம்ப்யூட்டர்களுக்குப் போதிய வோல்ட் கிடைக்கவில்லை. பசி மயக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்டால் எல்லாவற்றையும் தப்பாகத்தானே சொல்லும்? அது போல ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரே நேரத்தில் கை தூக்கிவிட்டது.

அதனால்தான் நன்றாக நின்ற கார் எழுந்திருக்காமல், விளக்குகள் மட்டும் ஒட்டுமொத்தமாக எரிந்தால், மெக்கானிக்குகள் முதலில் சின்ன பேட்டரியைத்தான் அளந்து பார்க்கிறார்கள்.

எங்கள் மெக்கானிக்கும் அதைத்தான் செய்தார். ஈய பேட்டரிக்குள் ஆறு அறைகள். அறைக்கு 2.1 வோல்ட். மொத்தம்? 12.6. சரிதான்! நிறைந்த பேட்டரி அவ்வளவு காட்ட வேண்டும். மீட்டரில் வந்தது 10.8. தங்கை மகள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "பாவம் தாத்தா" என்றாள்.

மெக்கானிக் கைப்பெட்டி அளவு ஒரு பேட்டரி கொண்டு வந்திருந்தார். சிவப்பு ஒயரைப் பிளஸ் முனையிலும், கறுப்பு ஒயரைக் காரின் இரும்புப் பகுதியிலும் மாட்டினார். பொத்தானை அழுத்தினோம். 'டக்!' பச்சையாய் 'ரெடி' என்ற எழுத்து வந்தது. மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. அந்தச் சின்ன பேட்டரிக்கு வயது ஐந்து ஆகியிருந்தது. அன்று மாலையே புதியது மாற்றிவிட்டார்கள். நம் ஹைபிரிட் காரின் பேட்டரியிலிருந்து இன்னொரு காருக்கு இப்படிக் கடன் கொடுக்கக்கூடாது என்றும் மெக்கானிக் சொன்னார். பல கார்களின் கையேட்டிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது.

இது வரை சரியா? ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

ஓடும்போது ஒரு சிவப்பு விளக்கு வரலாம். சின்னப் பெட்டி, மேலே இரண்டு குமிழ், உள்ளே பிளஸ், மைனஸ். அது பெரிய பேட்டரியின் படம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அது சின்னதின் படம். கொதிக்கிற பாலை அம்மா டம்ளரில் ஆற்றி உங்களுக்குத் தருவார் இல்லையா? அது போல முந்நூறு சொச்சம் வோல்ட்டை ஏறக்குறைய 14 வோல்ட்டாக ஆற்றிக் கொடுக்க இந்தக் காரில் ஒரு கருவி இருக்கிறது. கன்வெர்ட்டர் என்பார்கள். அது நின்றுவிட்டால் சின்ன பேட்டரிக்குப் பால் வராது. கையிருப்பு தீரும் வரைதான் கார் ஓடும். ஆகவே சிவப்பைக் கண்டதும் பெரியவர்கள் பதறாமல் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்த வேண்டும்.

நிறங்களுக்கு ஐஎஸ்ஓ 2575 என்று உலகப் பொதுவான ஒரு விதி இருக்கிறது. சிவப்பு ஆபத்து, மஞ்சள் கவனம், பச்சை நலம். மஞ்சள் வந்தால் நிதானமாக ஓட்டிப் போய்ச் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

பெரிய பேட்டரி பேசினால்? அது பெரும்பாலும் எழுத்தாகவே வரும். 'ஹைபிரிட் அமைப்பைச் சோதிக்கவும்' என்பது போல. சில கார்களில் ஆமைப் படம் வரும். 'எனக்குத் தெம்பு குறைவு, ஆமை போலத்தான் போவேன்' என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த விளக்கு அதுதான்.

பாட்டி மாம்பழக் கூடையைத் தினமும் எப்படிப் பார்ப்பாள்? ஒவ்வொரு பழத்தையும் தொட்டு அமுக்கிப் பார்ப்பாள். ஒன்று கொழகொழத்தால் உடனே தெரிந்துவிடும். பெரிய பேட்டரிக்கும் அப்படி ஒரு பாட்டி உண்டு. கம்ப்யூட்டர் பாட்டி! செல்களின் வோல்ட்டையும் சூட்டையும் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். பட்ட நூலில் ஓர் இடம் நைந்தாலும் முழுப் பட்டமும் போய்விடும் அல்லவா? வரிசையில் நிற்கிற செல்களும் அப்படித்தான். ஒன்று சோர்ந்தால் மற்றவை அதற்காக நிதானிக்க வேண்டும். பெரிய மின்சாரம் காரின் இரும்பு உடம்பில் கசிகிறதா என்றும் கார் சோதித்துக்கொண்டே இருக்கும். கசிந்தால் எச்சரிக்கை.

குளிர் நாட்டில் சில நேரம் கார் 'இப்போது சார்ஜ் ஏற்ற முடியாது' என்று சொல்லும். அது கோளாறு இல்லை. பெரிய பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் இருக்கின்றன. சார்ஜ் ஏறும்போது, மணி அடித்ததும் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைவது போல, அவை கார்பன் அடுக்குக்குள் நுழையும். கடுங்குளிரில் மெதுவாகத்தான் நுழைய முடியும். அப்போது வேகமாகத் தள்ளினால் உள்ளே போக முடியாதவை வராந்தாவிலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரி கெட்டுவிடும். கொஞ்சம் சூடாகட்டும் என்று காத்திருப்பது காரின் புத்திசாலித்தனம்.

இந்த லித்தியம் பேட்டரியை உருவாக்கியதற்காக 2019இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதில் ஒருவர் ஜப்பானின் அகிரா யோஷினோ. தொடக்கப் பள்ளியில் படித்தபோது அவருடைய ஆசிரியை ஒரு புத்தகத்தைப் படிக்கச் சொன்னாராம். மெழுகுவத்தி எரிவதைப் பற்றி மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகள் அதில் இருந்தன. அங்கேதான் தமக்கு வேதியியலில் ஆசை பிறந்தது என்று யோஷினோ சொல்லியிருக்கிறார். உங்களைப் போல 'ஏன்?' என்று கேட்ட பிள்ளைதான் அவரும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. சில கார்களில் பின் இருக்கைக்குப் பக்கத்தில் ஜன்னல் போன்ற ஒரு சின்னத் துவாரம் இருக்கும். பெரிய பேட்டரி மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். அதன்மேல் புத்தகப் பையையோ ஸ்வெட்டரையோ போட்டு அடைத்தால் பேட்டரி சூடாகி எச்சரிக்கை விளக்கு வந்துவிடும். அங்கே உட்காருவது பெரியவர்கள் இல்லை, நீங்கள்தான். ஆகவே அதன் காவல் உங்கள் பொறுப்பு.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். காருக்குள் ஆரஞ்சு நிறத்தில் தடித்த ஒயர் தெரிந்தால் தொடவே கூடாது. பெரிய மின்சாரம் ஓடுகிற ஒயருக்குத்தான் அந்த நிறம். மெக்கானிக்கே தடித்த ரப்பர் கையுறை போட்டு, இணைப்பைத் துண்டித்து, உள்ளே மிச்சம் இருக்கிற மின்சாரம் வடியக் காத்திருந்து, அப்புறம்தான் அதில் கை வைப்பார். டொயோட்டா கார்களில் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். எச்சரிக்கையோடு புகையோ காரமான வாசனையோ வந்தால் எல்லோரும் இறங்கித் தூரமாகப் போய்விட வேண்டும். அப்பாவோ அம்மாவோ தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்வார்கள். பொம்மையை எடுக்கத் திரும்பி ஓடக்கூடாது. சரியா?

தங்கை மகளுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. "விளக்கே ஃபியூஸ் போயிருந்தா எப்படி மாமா தெரியும்?"

பாருங்கள், எவ்வளவு கூர்மை! அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தியதும் முக்கியமான எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் சில நொடிகள் எரியும். பிறகு அணையும். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல. பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொன்றும் 'உள்ளேன் ஐயா!' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். எழாத விளக்கு அன்று வரவில்லை என்று பொருள்.

அடுத்த நாள் காலை அவள் முன்பக்க ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எண்ணினாள். மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். 'டக்.'

"மாமா, எல்லாரும் உள்ளேன் ஐயா சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. பச்சை மட்டும் நிக்குது!"