விலை போகாத பெட்டி தந்த தாளம்!

ஜப்பானில் ஒரு காசநோய் மருத்துவமனை. படுக்கையில் இருந்தபடியே, மற்ற நோயாளிகளின் கைக்கடிகாரங்களையும் ரேடியோக்களையும் பழுது பார்த்துக் கொண்டிருந்தார் ஓர் இளைஞர். பெயர் இகுதாரோ காகெஹாஷி.

சின்னக் குழந்தையாக இருந்தபோதே அம்மா, அப்பா இருவரையும் இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். 16 வயதில் கியூஷு தீவில் கடிகார ரிப்பேர் கடை போட்டார். மேற்கொண்டு படிக்கலாம் என்று ஒசாகாவுக்குத் திரும்பிய நேரத்தில், நோய் அவரையும் பிடித்துக்கொண்டது. வருடக்கணக்கில் படுக்கை. சேமிப்பும் கரைந்தது. அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்க்க நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் காகெஹாஷியும் ஒருவர். பிழைத்துக் கொண்டார்.

1954-ல் எலெக்ட்ரிக்கல் கடை, 1960-ல் ஆர்கன் தயாரிக்கும் கம்பெனி என்று வளர்ந்தார். இத்தனைக்கும் முறைப்படி சங்கீதம் கற்றவரில்லை. பங்குதாரர்களோடு ஒத்துவராமல், தான் உருவாக்கிய கம்பெனியை விட்டே வெளியேறினார். 1972 ஏப்ரலில், 42 வயதில், மறுபடி முதலிலிருந்து தொடங்கியதுதான் 'ரோலண்ட்'. வெளிநாட்டுக்காரர் வாயிலும் சுலபமாக நுழைய வேண்டும் என்று தேடிப்பிடித்த பெயர் அது!

1980-ல் வந்தது டிஆர்-808 என்ற தாளப் பெட்டி. அதே ஆண்டு அமெரிக்காவில் வெளியான லின் எல்எம்-1 கருவியில் நிஜ டிரம்ஸின் ஒலியையே பதிவு செய்து வைத்திருந்தார்கள். விலை சுமார் 5,000 டாலர். 808-ன் விலை 1,195 டாலர். ஆனால், ஒலி முழுக்க மின்சுற்றில் உண்டாக்கியது. போதாக்குறைக்கு, அதில் போட்ட டிரான்சிஸ்டர்களில் ஒரு வகை, தரச் சோதனையில் கழித்துக் கட்டப்பட்டவை. அவை எழுப்பும் 'உஸ்' என்ற இரைச்சல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.

'இதுவா டிரம்ஸ்?' என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-ல் தயாரிப்பு நின்றது.

விற்காத சரக்கு, செகண்ட் ஹேண்ட் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. கையில் காசில்லாத ஹிப்-ஹாப் இளைஞர்கள் வாங்கிப் போனார்கள். நெஞ்சை அதிரவைக்கும் அந்த 'தூம்' வேறெந்த டிரம்ஸிலும் இல்லை என்பதுதான் அதன் பலம் ஆனது. மும்பையில் சரண்ஜித் சிங் என்ற இசைக் கலைஞர், 1982-லேயே 808-ஐ வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஆல்பமாக்கினார். அன்று சீந்துவாரில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் அசந்து போனது.

இன்னொரு சாதனை சத்தமில்லாதது. ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி கருவியோடு பேசாத காலம் அது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தோடும் சக ஜப்பானியக் கம்பெனிகளோடும் சேர்ந்து காகெஹாஷி உருவாக்கிய பொது மொழிதான் 'மிடி'. 1983 ஜனவரியில் ரோலண்ட் கீபோர்டும் ஸ்மித்தின் கீபோர்டும் ஒரே ஒயரில் இணைந்து வாசித்தன. அதற்கு உரிமைக் கட்டணம் எதுவும் வைக்கவில்லை. 30 ஆண்டு கழித்து இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

நம் ஊர்க் கச்சேரி மேடைகளில் குச்சியால் தட்டுகிறார்களே 'ஆக்டோபேட்', அதுவும் ரோலண்ட் வைத்த பெயர்தான்.

2017 ஏப்ரல் 1-ல், 87 வயதில் காகெஹாஷி மறைந்தார். பழைய 808-ஐ அப்படியே மறுபடி செய்ய வழியில்லை. அந்தக் கழித்துக் கட்டிய டிரான்சிஸ்டர் இப்போது கிடைப்பதில்லை. அதன் 'உஸ்' ஒலியை டிஜிட்டலில் போலி செய்தும் ரோலண்ட் புதுப் பெட்டிகளை விற்றிருக்கிறது.