வென்றவர்கள் முதலில் பேச வேண்டும்

2019 செப்டம்பர் 25 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையில் டியூஸ்பரி தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. பவுலா ஷெரிஃப் எழுந்து நின்றார். பிரதமர் போரிஸ் ஜான்சன் எதிர்த்தரப்பைக் குறிப்பிடும்போதெல்லாம் 'சரணாகதி', 'துரோகம்' என்றே பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எங்களில் பலருக்கு அன்றாடம் கொலை மிரட்டல் வருகிறது, மிரட்டுகிறவர்கள் உங்கள் வார்த்தைகளைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள் என்றார் பவுலா. சொல்லும்போதே அவையின் சுவரில் இருந்த ஒரு கேடயத்தைக் கைகாட்டினார். ஜோ காக்ஸ் நினைவாக வைக்கப்பட்ட கேடயம் அது. பவுலாவின் தோழி, பக்கத்துத் தொகுதி எம்.பி., மூன்று ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்டவர்.

ஜான்சன் எழுந்தார். இப்படியொரு வெற்றுப் பேச்சைத் தன் வாழ்நாளில் கேட்டதே இல்லை என்றார். சற்று நேரத்தில் இன்னொருவருக்குப் பதில் சொல்லும்போது, ஜோ காக்ஸுக்குச் செய்யக்கூடிய சிறந்த மரியாதை, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட்டை முடித்துவைப்பதுதான் என்றார். ஜோ காக்ஸோ பிரெக்ஸிட்டை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். மறுநாள் சபாநாயகர் ஜான் பெர்கோ, தான் அவைக்கு வந்த 22 ஆண்டுகளில் இவ்வளவு மோசமான சூழலைக் கண்டதில்லை என்று வேதனைப்பட்டார்.

விவாதத்துக்கே பேர்போன அவை அது. ஒருவரையொருவர் நேராகப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, எதையும் சபாநாயகரை நோக்கியே பேச வேண்டும், எதிரே இருப்பவரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது என்றெல்லாம் அங்கே விதிகள் உண்டு. இரண்டு பக்க இருக்கைகளுக்கும் முன்னால் கம்பளத்தில் சிவப்புக் கோடுகள் நெய்யப்பட்டிருக்கும். இரண்டு பேர் வாளை நீட்டினாலும் தொட்டுக்கொள்ள முடியாத இடைவெளி என்று அதற்குக் கதை சொல்வார்கள். இத்தனை ஏற்பாடு உள்ள இடத்திலேயே, ஓட்டுப் போட்டு மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகும், பேச்சு இந்த நிலைக்குச் சரிந்தது எப்படி?

2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்று 51.9 சதவீதம் பேரும், தொடர வேண்டும் என்று 48.1 சதவீதம் பேரும் வாக்களித்தார்கள். ஒரு கோடியே 74 லட்சம் பேர் ஒரு பக்கம், ஒரு கோடியே 61 லட்சம் பேர் மறுபக்கம். சதவீதத்தைவிட முக்கியமானது, அவர்கள் எங்கெங்கே வாழ்ந்தார்கள் என்பது. லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் நகரில் 75.6 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். லண்டனின் லாம்பெத் பகுதியில் 78.6 சதவீதம் பேர் தொடரச் சொன்னார்கள். மாற்றி ஓட்டுப் போட்ட ஒருவரோடும் டீ குடிக்காமலேயே லாம்பெத்தில் ஒருவர் வாழ்ந்துவிட முடியும். பாஸ்டனிலும் அப்படித்தான். தெரியாத ஆளைப் பற்றி எதை வேண்டுமானாலும் நம்பலாம். அவன் இனவெறியன் என்று தொடரச் சொன்னவர்கள் நம்பினார்கள், இவன் நாட்டை விற்கிறவன் என்று விலகச் சொன்னவர்கள் நம்பினார்கள்.

இந்த வாக்கெடுப்பில் யாருக்கு ஓட்டு இருந்தது என்பதிலேயே ஓர் ஆறாத காயம் இருந்தது. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு வாக்குரிமை உண்டு. எனவே வேலைக்காக லண்டன் போய்ச் சில மாதங்களே ஆன ஒரு சென்னைக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு ஓட்டுப் போட்டிருக்க முடியும். இருபது வருடம் அங்கேயே வாழ்ந்து, வரி கட்டி, பிள்ளை பெற்று வளர்த்த போலந்துக்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருந்தால் ஒழிய, ஓட்டுக் கிடையாது. யாருடைய வாழ்க்கை தராசில் வைக்கப்பட்டதோ அவர்கள் வெளியே நின்று முடிவைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஜூலையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான இன, மத வெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஆண்டின் ஜூலையைவிட 41 சதவீதம் அதிகம் என்று அரசே பின்னர் சொன்னது.

ஜூன் 24 விடியற்காலை, முடிவு தெரியத் தொடங்கிய நேரத்தில், விலக வேண்டும் என்று பிரசாரம் செய்த நைஜல் ஃபராஜ் பேசியதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இது அசலான மக்களின் வெற்றி, சாதாரண மக்களின் வெற்றி, கண்ணியமான மக்களின் வெற்றி என்றார். அப்படியானால் எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரு கோடியே 61 லட்சம் பேர் யார்? அதோடு நிற்கவில்லை. ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடப்படாமல் இதைச் சாதித்தோம் என்றார். சரியாக எட்டு நாட்களுக்கு முன்புதான், ஜூன் 16 அன்று, யார்க்ஷயரின் பர்ஸ்டல் ஊரில் நூலகத்துக்கு வெளியே ஜோ காக்ஸ் சுடப்பட்டுக் குத்தப்பட்டு இறந்திருந்தார். தொகுதி மக்களின் குறைகளைக் கேட்க வந்த இடத்தில் அது நடந்தது. அவருக்கு வயது 41, இரண்டு சிறு குழந்தைகள். காப்பாற்ற ஓடிவந்த 77 வயது முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்கும் வயிற்றில் குத்து விழுந்தது. நீதிமன்றத்தில் பெயர் கேட்கப்பட்டபோது கொலையாளி, துரோகிகளுக்கு மரணம் என்று சொன்னான்.

அன்று காலை, விலகல் தரப்பில் நின்ற, அப்போது பிரதமராகியிராத ஜான்சனும் பேசினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஐரோப்பாவுக்கு நாம் முதுகைக் காட்டிவிட முடியாது, நாமும் ஐரோப்பாவின் ஒரு பகுதிதான் என்று நிதானமாகவே பேசினார். எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. பிறகு அந்தத் தொனியை அவர் கைவிட்டார் என்பதுதான் என் வருத்தம்.

அயர்லாந்தைப் பாருங்கள். கருக்கலைப்புத் தடையை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கலாமா என்று 2018 மே 25 அன்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. கத்தோலிக்க நம்பிக்கை வேரோடிய நாடு அது. பிரெக்ஸிட்டைவிட ஆயிரம் மடங்கு அந்தரங்கமான விஷயம் இது. ஒரு தரப்புக்கு உயிர் பற்றிய கேள்வி, மறுதரப்புக்குப் பெண்ணின் உடல் பற்றிய கேள்வி. நீக்கலாம் என்று 66.4 சதவீதம் பேர் சொன்னார்கள். வென்ற தரப்பில் நின்ற பிரதமர் லியோ வரத்கர் முடிவு வந்த அன்று தோற்றவர்களைப் பார்த்தும் பேசினார். இந்த நாள் உங்களுக்கு உவப்பானதல்ல என்று தெரியும், நாடு தவறான பாதையில் திரும்பிவிட்டதாக நீங்கள் நினைக்கலாம், ஆனால் போன வாரம் இருந்த அதே அயர்லாந்துதான் இது என்ற பொருள்படச் சொன்னார். தோற்றவர்களின் மனம் இதனால் மாறிவிடாது. ஆனாலும் அந்த நாட்டில் தங்களுக்கு இடம் இருக்கிறது என்பதை அவர்கள் வென்றவரின் வாயிலிருந்தே கேட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் 2014 செப்டம்பர் 18 அன்று தனிநாடு கேட்டு நடந்த வாக்கெடுப்பில் 55.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் நல்லிணக்க ஆராதனை நடந்தது. ஒன்றியத்தில் இருப்போம் என்ற அணிக்குத் தலைமை வகித்த அலிஸ்டர் டார்லிங்கும், தனிநாடு கேட்ட ஜான் ஸ்வின்னியும் அதற்கு வந்திருந்தார்கள். தனிநாட்டுக் கனவு அன்றோடு ஓய்ந்துவிடவில்லை. இன்றுவரை அங்கே அது உயிர்ப்புள்ள அரசியல்.

நல்ல மனம் மட்டும் இதற்குப் போதாது. ஓட்டுக்குப் பிறகு மக்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது பெரும்பாலும் ஓட்டுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அயர்லாந்தில் வாக்கெடுப்புக்கு முன் சாதாரணக் குடிமக்கள் 99 பேரைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, நீதிபதி மேரி லஃபாய் தலைமையில் பல வார இறுதிகள் உட்காரவைத்து, இரு தரப்பு வாதங்களையும் கேட்கச் செய்தார்கள். தடை நீங்கினால் என்ன சட்டம் வரும் என்ற வரைவையும் அரசு முன்கூட்டியே வெளியிட்டது. பிரிட்டனின் வாக்குச்சீட்டிலோ, தொடரலாமா, விலகலாமா என்ற ஒரே கேள்விதான். விலகினால் பொதுச் சந்தையில் இருப்போமா, சுங்க ஒன்றியத்தில் இருப்போமா, அயர்லாந்து எல்லையை என்ன செய்வோம் என்பதற்கெல்லாம் பதில் இல்லை. அண்ணன் தம்பிகள் கூடிப் பூர்வீக வீட்டை விற்பது என்று கைதூக்கிவிட்டு, யாருக்கு, என்ன விலைக்கு என்று பேசாமலேயே கலைந்து போனது போன்ற காரியம் அது. பிறகு எந்த விலை வந்தாலும் யாரோ ஒருவர் துரோகிதான். அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் 2019இல் மூன்று முறை தோற்கடிக்கப்பட்டது. விலக வேண்டும் என்றவர்களே அதைத் துரோகம் என்றார்கள்.

நீதிபதிகள்கூட இதற்குத் தப்பவில்லை. விலகும் நடைமுறையைத் தொடங்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 2016 நவம்பரில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மறுநாள் 'டெய்லி மெயில்' அவர்களுடைய படங்களைப் போட்டு, மக்களின் விரோதிகள் என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டது. நீதித்துறையைக் காக்கக் கடமைப்பட்ட அமைச்சர் லிஸ் ட்ரஸ் பட்டும் படாமலும் ஓர் அறிக்கை விட்டார். தன் பணிக்காலத்தில் முதல் முறையாகக் காவல்துறையிடம் பாதுகாப்பு ஆலோசனை கேட்க நேர்ந்தது என்று அந்த மூவரில் ஒருவரான தலைமை நீதிபதி தாமஸ் பிரபு பிறகு சொன்னார். வழக்குப் போட்ட ஜீனா மில்லர் மீது வண்டியேற்றுகிறவருக்கு 5,000 பவுண்டு தருவதாக எழுதிய ஒரு பிரபு சிறைக்குப் போனார்.

தோற்றவர்களும் சுத்தமானவர்கள் இல்லை. 2019க்குள் முதியவர்களில் 15 லட்சம் பேர், பெரும்பாலும் பிரெக்ஸிட்காரர்கள், புதைகுழிக்குப் போயிருப்பார்கள், அப்போது நாட்டின் மனநிலை மாறும் என்று நாவலாசிரியர் இயான் மெக்வன் 2017இல் ஒரு மேடையில் பேசினார். எனக்குப் பிடித்த எழுத்தாளர் அவர். மனித மனத்தை அவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறவர் யாரோ ஒருவரின் தாத்தா பாட்டியின் சாவை வாக்குக் கணக்காகப் போட்டதைப் படித்தபோது மனம் கசந்தது. ஃபராஜ் மீது நியூகாசில் தெருவில் மில்க் ஷேக் வீசப்பட்டபோது, படித்தவர்கள் பலர் அதைக் கொண்டாடினார்கள். ஜோ காக்ஸ் கொல்லப்பட்ட நாட்டில், கூட்டத்துக்கு நடுவே அரசியல்வாதியை நோக்கி ஒரு கை ஓங்குவதில் ரசிக்க என்ன இருக்கிறது? விலக வேண்டும் என்ற தரப்பில் நின்ற கன்சர்வேட்டிவ் எம்.பி. டேவிட் அமெஸ் 2021 அக்டோபரில், அதே போல மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவனின் காரணம் பிரெக்ஸிட் அல்ல. ஆனால் தொகுதி மக்கள் கதவைத் தட்டி உள்ளே வரலாம் என்ற அந்த நல்ல வழக்கம் மீண்டும் ரத்தம் பார்த்துவிட்டது.

நாகரிகம் என்ற பெயரில் தோற்றவர்களை வாய்மூடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. தேர்தலில் தோற்ற கட்சி மறுநாளே எதிர்க்கட்சியாக வேலையைத் தொடங்குகிறது, அதை யாரும் துரோகம் என்பதில்லை. மறுவாக்கெடுப்புக் கேட்டு லட்சக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டதும் ஊர்வலம் போனதும் அவர்கள் உரிமை.

உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்பதற்கு மான்செஸ்டரில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்களின் ஏற்பாட்டில் 50 பேர் அங்கே இரண்டு வார இறுதிகள் கூடினார்கள். விலகச் சொன்னவர்கள், தொடரச் சொன்னவர்கள், ஓட்டே போடாதவர்கள் என எல்லாத் தரப்பினரும் இருந்தார்கள். சிறு சிறு குழுக்களாக மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் அடக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள மேசைக்கு ஒருவர் இருந்தார். இரு தரப்பு நிபுணர்களையும் கேள்வி கேட்டார்கள். கடைசியில், ஐரோப்பியத் தொழிலாளர்கள் வந்துபோகும் உரிமை இருக்கட்டும், அரசு கையில் ஏற்கனவே இருக்கும் கட்டுப்பாடுகள் அனைத்தையும் பயன்படுத்தட்டும் என்ற நிலைக்குப் பெரும்பான்மையாக வந்து சேர்ந்தார்கள். எந்தக் கட்சியின் கோஷத்திலும் இல்லாத முடிவு இது. அரசு அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஜோ காக்ஸ் தன் முதல் நாடாளுமன்ற உரையில், நம்மைப் பிரிப்பதைவிட நம்மிடையே பொதுவாக இருப்பதே அதிகம் என்று சொன்னார். அந்தக் கேடயத்தில் இருப்பதும் அதன் சாரம்தான். அவர் அதை வேலையாகவும் செய்தார். சிரியா விஷயத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஆண்ட்ரூ மிட்செலோடு சேர்ந்து உழைத்தார். முதியோரின் தனிமையைப் பற்றிய குழுவை அதே கட்சியின் சீமா கென்னடியோடு சேர்ந்து தொடங்கினார். மற்ற விஷயங்களில் அவர்களை எதிர்த்து ஓட்டுப் போட்டுக்கொண்டேதான் இதையும் செய்தார். அவர் இறந்த பிறகு அவருடைய பேட்லி அண்ட் ஸ்பென் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில் பெரிய கட்சிகள் எதுவும் தொழிற்கட்சியை எதிர்த்து நிற்கவில்லை. அவர் மரணத்துக்குத் தலைவணங்கிக் கட்சிகள் காட்டிய கண்ணியத்தை வாக்கெடுப்புக்குப் பிந்தைய பேச்சிலும் காட்டியிருந்தால் அந்த மூன்று ஆண்டுகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நமக்கும் தேர்தல்கள் வருகின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிய சித்தப்பாக்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை உங்கள் கட்சி ஜெயித்தால், தோற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்ட மச்சானுக்கோ நண்பருக்கோ அன்றைக்கே நீங்கள் போன் செய்யுங்கள். தேர்தலைப் பற்றியே பேசுங்கள். எதற்காக அப்படி ஓட்டுப் போட்டார் என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாதீர்கள்.