பச்சை குத்துதலும் கிறிஸ்து மதமும்

உடலில் பச்சை குத்திக்கொள்வதும், காது மூக்குகளைத் துளைத்து அணி பூணுவதும் பாபமா, அன்றா என்னும் விவாதம் கிறிஸ்தவ சபைகளில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. மேல்நாட்டு வாலிபர்கள் இவ்வழக்கங்களை மிகுதியாகக் கைக்கொண்டுள்ள இந்நாளில் அது முன்னிலும் வலுத்திருக்கிறது. பிறர் மத விஷயத்தில் தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், மனிதனுடைய உடல் யாருக்குச் சொந்தம் என்னும் பெருங்கேள்வி இதனுள் அடங்கியிருப்பதால், இதனை ஆராய்வது எல்லோருக்கும் பயன் தருவதாகும்.

விலக்குவோர் முதலில் எடுத்துக்காட்டுவது லேவியராகமம் 19-ஆம் அதிகாரம், 28-ஆம் வசனம். இறந்தவர் பொருட்டு உடலைக் கீறுவதையும், உடலில் அடையாளம் பொறிப்பதையும் அது தடுக்கின்றது. ஆனால் அதே அதிகாரம் தாடியின் ஓரங்களைக் கத்தரிப்பதையும், இருவகை நூல் கலந்த ஆடையையும் தடுக்கின்றது. இவற்றைப் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் வற்புறுத்துவது எவ்வாறு நியாயமாகும் என்று மறுதரப்பார் வினவுகின்றனர்.

அணிகளின் விஷயமும் இத்தகையதே. ரெபெக்காளுக்குப் பொன் மூக்கணி அளிக்கப்பட்டதென எபிரேய மூலம் கூறும். பேதுருவின் நிருபமோ புற அலங்காரத்தினும் அக அலங்காரமே மேலென்று போதிக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெந்தெகொஸ்தே சபையார் பலர் நகைகளையே துறந்திருக்கின்றனர். அதே ஊர்களில் கத்தோலிக்கப் பெண்மணிகள் காது குத்தித் தோடு அணிகின்றனர். வேதம் ஒன்று, ஆசாரம் பல.

இது நிற்க. சரித்திரம் கூறுவதைக் கேட்போம். ரோமாபுரி ஆட்சியில் அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் முகத்தில் எழுத்துக் குத்தும் கொடுமை இருந்தது. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி, முகம் தெய்வீக அழகின் சாயல் என்று காரணம் காட்டி, தண்டனை பெற்றோர் முகத்தில் குத்தலாகாதென்று சட்டம் செய்தான். கையிலும் காலிலும் குத்துவதை அவன் தடுக்கவில்லை. 786-ல் இங்கிலாந்தின் நார்தம்பிரியாவில் கூடிய சபை, புறச்சமய வழக்கமாகக் குத்திக்கொள்வதைக் கண்டித்தது. கடவுள் பொருட்டு அந்நோவை ஏற்பவனுக்கு நற்பயன் உண்டென்றும் ஒப்பியது.

அந்த இங்கிலாந்திலிருந்து நம் தேசத்துக்கு வந்த கம்பெனியார் செய்தது யாது? 1797-ல் வங்காளத்தில் விதி வகுத்து, கைதிகளின் நெற்றியில் குற்றத்தைக் குறிக்கும் எழுத்துக்களைக் குத்தினார்கள். 1849-ல்தான் இது ஒழிந்தது. ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்தவ அரசன் விலக்கியதை, கிறிஸ்தவர் என்று தம்மைக் கூறிக்கொண்ட இவர்கள் நம்மவர் முகத்தில் நிலைநாட்டினர். இவ்வழக்கம் ஒழிந்து 13 ஆண்டுகள் கழிந்தபின், 1862-ல், பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னரான இளவரசர் எருசலேம் யாத்திரை சென்று தம் கையில் சிலுவை குத்திக்கொண்டார்! கைதியின் நெற்றியில் இழிவாயிருந்த மை இளவரசரின் கையில் பக்தியாயிற்று. ஆகவே, இழிவு மையில் இல்லை. குத்துபவன் யார், குத்தப்படுபவன் சம்மதித்தானா என்பதிலேதான் இருக்கிறது.

இதற்கு உயிருள்ள சாக்ஷி எகிப்து தேசத்துக் காப்டிக் கிறிஸ்தவர்கள். அந்நாட்டு ஜனத்தொகையில் சுமார் பத்திலொரு பங்கினர் என்று மதிக்கப்படும் இவர்கள், வலது மணிக்கட்டில் சிறு சிலுவையைக் குத்திக்கொள்கின்றனர். ஆலய வாயிலில் அதுவே அடையாளச் சீட்டு. பகைவன் முன்னிலையில் அதுவே ஆபத்து. 2017 ஏப்ரல் மாதம் குருத்தோலை ஞாயிறன்று தாந்தா, அலெக்ஸாந்திரியா நகரங்களின் ஆலயங்களில் வெடித்த குண்டுகள் நாற்பதுக்கு மேற்பட்டோரை மாய்த்தன. அதன் பின்னும் அச்சிலுவையை அவர்கள் விட்டொழிக்கவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். சிறு குழந்தைகளுக்கும் அங்கே சிலுவை குத்துகிறார்களே, குழந்தை சம்மதித்ததா? கேள்வி நியாயமானதே. அறிவு வந்தபின் தானே விரும்பி ஏற்பதே மேலென்பது நமது அபிப்பிராயம். ஆனால் ஒரு பேதத்தை மறக்கலாகாது. குழந்தையின் கையைப் பிடித்திருக்கும் தந்தையின் கையிலும் அதே சிலுவை உண்டு; அதே ஆபத்தும் உண்டு. கைதியின் நெற்றியைத் தொட்ட துரைமகனின் நெற்றியோ மாசற்று விளங்கியது.

எனவே, பச்சை குத்தலாமா என்று கேட்கும் கிறிஸ்தவ சகோதரர்களும், கேளாத பிறரும், ஊசியைக் குற்றம் சாட்டுமுன் அதைப் பிடித்த கையைப் பார்ப்பார்களாக. தன் உடலில் தானே ஏற்கும் அடையாளம் சிலருக்கு வீண் அலங்காரமாகலாம், சிலருக்கு விரதமாகலாம். அது அவரவர் மனச்சாக்ஷியைப் பொறுத்தது. பிறன் உடலில் பலாத்காரமாகப் பொறிக்கும் அடையாளமோ எந்த வேதத்தாலும் நியாயமாகாது.