கம்பளிக் கண்ணி

மலரையும் தழையையும் வளைத்துக் கட்டி அணிதல் மக்கட்கு இயல்பாய் அமைந்த விருப்பங்களுள் ஒன்று. பண்டைத் தமிழர் தலையிற் சூடுவதனைக் கண்ணி என்றும், மார்பில் அணிவதனைத் தார் என்றும் பகுத்து வழங்கினர். நிரை கவரச் செல்வார் வெட்சியும், போரில் வென்றார் வாகையும் சூடினமையின் புறத்திணைகளும் பூவாற் பெயர்பெற்றன. கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் வென்ற வீரர்க்குப் பொன்னும் மணியும் பரிசன்று. ஒலிவக் கிளையை வளைத்துச் செய்த முடியே பரிசு.

வட ஐரோப்பிய நாடுகளில் இவ்வழக்கம் வேறொரு வகையில் வேரூன்றிற்று. ஆங்கே குளிர்காலத்தில் மரங்கள் பெரும்பாலும் இலையுதிர்ந்து நிற்கும். ஊசியிலை மரங்களும், ஹாலி, ஐவி முதலிய செடிகொடிகளும் பசுமை மாறாதிருக்கும். அவற்றின் கிளைகளை வளையமாகக் கட்டிக் கிறிஸ்து பிறந்த திருநாளில் கதவில் தூக்குவர். 1839-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரில், ஏழைச் சிறுவர்க்கென இல்லம் நடத்திவந்த யோஹான் ஹின்ரிக் விச்சர்ன் என்னும் போதகர், ஒரு வண்டிச் சக்கரத்தின்மேல் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் நிறுத்தி, நாளுக்கொன்றாக ஏற்றிவந்தார். பண்டிகை என்று வரும் என்று நாடோறும் வினவிய சிறுவர்க்கு அவர் அளித்த விடை அது. வருகைக்கால வளையம் என இன்று பல நாடுகளிற் காணப்பெறுவதற்கு அதுவே முன்மாதிரி.

பசுந்தழை வளையம் குளிர் நாட்டில் சில வாரங்கள் வாடாதிருக்கும். நம் நாட்டு வெயிலிலோ மூன்றாம் நாளே சருகாகும். ஆதலின் அதனைக் கம்பளி நூலாற் பின்னி ஆண்டுதோறும் எடுத்து வைத்துக்கொள்ளுதல் நமக்கும் ஏற்ற முறையாம். இக்கலையை யாம் எம் பாட்டியாரிடம் சென்ற விடுமுறையிற் பயின்றோம். அவர் தென்கோடியில் ஒரு மிஷன் பள்ளியிற் படித்தவர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோயிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்த நாள்தொட்டு, அப்பக்கத்துப் பெண்கள் பலர்க்குக் கைப்பின்னல் சோறும் மதிப்பும் தந்துவந்திருக்கின்றது. லேஸ் வேறு, கம்பளிப் பின்னல் வேறாயினும் எம் பாட்டியார் இரண்டிலும் வல்லவர். இப்பொழுது மூட்டுவாதத்தால் அவர் விரல்கள் ஊசியைப் பற்றா, கண்ணும் மங்கிவிட்டது. அவர் அறிந்தவற்றுள் ஒன்றேனும் ஏட்டில் எழுதப்பெறவில்லை. ஆதலின் கேட்டுக் கற்றதனை இங்கே எழுதுகின்றோம்.

பின்னலின் அடிப்படையை முதற்கண் அறிதல் வேண்டும். நெசவில் பாவு, ஊடை என இருவகை நூல்கள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும். பின்னலிலோ உள்ளது ஒரே நூல். அதனைச் சுருக்காக வளைத்து, அச்சுருக்கினுள் மற்றொரு சுருக்கை இழுத்து, அதனுள் இன்னொன்றை இழுத்துச் செல்வதே பின்னல். இச்சுருக்கிற்கும் தமிழில் கண்ணி என்றே பெயர். தலையிற் சூடும் மாலைக்கும், வலையின் சுருக்கிற்கும் ஒரே சொல் அமைந்திருத்தல் எம் பணிக்கு இசைந்ததொரு நல்வாய்ப்பாயிற்று. கண்ணிகள் வளைந்து நிற்றலின் பின்னற்றுணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஒரே நூலாதலின் தலைப்பைப் பற்றி இழுத்தால் முழுதும் அவிழ்ந்துவிடவும் கூடும்.

நூலைத் துணியின் பின்புறம் வைத்து இழுப்பது நேர்க்கண்ணி; முன்புறம் வைத்து இழுப்பது மறிகண்ணி. ஒரு வரிசை நேர்க்கண்ணியும் அடுத்த வரிசை மறிகண்ணியுமாகப் பின்னினால் முகப்பு வழவழப்பாக அமையும். ஆனால் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். எல்லா வரிசைகளையும் நேர்க்கண்ணியாகவே பின்னினால் இருபுறமும் வரப்புகள் தோன்றும், துணி சுருளாது, நெடுக்கில் ஆர்மோனியத்தின் துருத்தி போல நீண்டு சுருங்கும். வளையத்தைப் போர்த்துவதற்கு இப்பின்னலே ஏற்றது. காரணம் வருமாறு.

வைக்கோற்புரியை வட்டமாக வளைத்துச் சணலால் இறுகச் சுற்றி ஒரு வளையம் செய்தோம். வெளிவிட்டம் 12 அங்குலம். உள்விட்டம் 8 அங்குலம். புரியின் பருமன் 2 அங்குலம். இதனைப் போர்த்தும் பட்டையின் நடுப்பகுதி வெளிவிளிம்பில் ஏறத்தாழ 38 அங்குலம் நீளவேண்டும். அதன் ஓரங்களோ உள்விளிம்பில் 25 அங்குலத்துள் அடங்கவேண்டும். நெய்த துணியாயின் மடிப்பு விழும். வரப்புப் பின்னல் இவ்விரண்டிற்கும் இசைந்துகொடுக்கும். ஆதலின் 30 அங்குல நீளமே பின்னினோம். புரியைச் சுற்றிவர அகலம் 6¼ அங்குலம் வேண்டும். எம் கைக்கு ஓர் அங்குலத்தில் 5 கண்ணிகள் அமைந்தன. அக்கணக்கின்படி 31 கண்ணிகள் ஆகும். எனினும் துணி இழுபட்டு இறுகப் பற்றவேண்டுமென்று 28 கண்ணிகளே ஊசியில் ஏற்றினோம். தம் கை அளவினை ஒரு சிறு துண்டு பின்னிப் பார்த்து அறிந்த பின்னரே எவரும் தொடங்குதல் வேண்டும்.

இலை பின்னும் முறை இது. 3 கண்ணிகளை ஏற்றுக. நேர்வரிசையில், நடுக்கண்ணிக்கு இருபுறமும் ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொள்ள, 5 ஆகும். திரும்பும் வரிசைகளையெல்லாம் மறிகண்ணியாக்குக. இவ்வாறே நேர்வரிசைதோறும் இரண்டு மிக, 7 ஆகிப் பின் 9 ஆகும். அதன்மேல் நேர்வரிசைதோறும் இரு முனைகளிலும் இவ்விரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்க்க, 7, 5, 3 எனக் குறையும். இறுதி மூன்றையும் ஒன்றாக்கி நூலை இழுத்து முடிக்க. நூல் சுற்றிய இடங்களிற் சிறு துளைகள் நடுக்கண்ணியின் இருமருங்கும் நிரையாய் நின்று இலை நரம்பு போலத் தோன்றும். விச்சர்ன் ஏற்றிய விளக்குகளின் எண்ணைக் கருதி 24 இலைகள் பின்னினோம். செங்கனிகளுக்கு, ஒரு கண்ணியினின்றே ஐந்து கண்ணிகளை வாங்கி, மூன்று வரிசை பின்னி, ஐந்தையும் சேர்த்து முடிச்சிட்டால் உருண்டையாய்த் திரளும்.

விடுதியில் நண்பர் சிலர் இதனைக் கண்டு, பெண்கள் வேலை என்று நகைத்தனர். முற்காலத்தில் ஐரோப்பிய நகரங்களிற் பின்னற்றொழிற் சங்கங்கள் ஆடவர்க்கே உரியனவாயிருந்தன என்பதும், பெரு நாட்டு டிடிகாகா ஏரியிலுள்ள டகீலே தீவில் இன்றும் ஆண்மக்களே குல்லாய் பின்னுகின்றனர் என்பதும் அவர் அறியார். 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அத்தீவினரின் நெசவுப் பின்னற்கலையை உலகின் அரிய மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

நகைப்பு எம்மைத் தளர்த்தவில்லை. எம் பிழையே தளர்த்திற்று. பட்டையை வளையத்தில் தைத்து முடித்த பின்னர், தொடக்கத்தருகே ஒரு கண்ணி ஊசியினின்று நழுவியிருந்தமை கண்டோம். பண்டிகைக்கு இரண்டு நாளே இருந்தது. அவ்விடத்தின்மேல் ஓர் இலையைத் தைத்து மறைத்துவிட்டு, பாட்டியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கண்ணாற் பாராமல் விரலால் தடவிக்கொண்டே சென்று, சரியாக அவ்விலையின் அடியில் நின்றார். “மக்களே, இலை மறைக்கும், தாங்காது,” என்றார்.

அவர் கூறியது முழு உண்மை. நழுவிய கண்ணியைத் தாங்குவார் இல்லாவிடின் அதன்கீழுள்ள கண்ணியும், அதன்கீழுள்ளதும் ஒன்றன்பின் ஒன்றாய் நழுவும். இலையின் எடை அவ்விழிவை விரைவுபடுத்தும். அன்றிரவு தையலைப் பிரித்தோம். கொக்கி ஊசியால் அக்கண்ணியைப் பற்றி, அதற்கு மேலுள்ள குறுக்கு நூலை அதனுள் இழுத்து, வரப்பு மாறாதவாறு ஒரு வரிசை முன்னிருந்தும் மறுவரிசை பின்னிருந்துமாக, ஏணியில் ஏறுவது போல ஏறி அதனை உரிய இடத்திற் சேர்த்தோம். விடிவெள்ளி தோன்றும் வேளையில் பட்டையை மீண்டும் தைத்து முடித்தோம். இலைகளை ஒரே திசையில், ஒன்றன் அடியை மற்றொன்றன் நுனி மறைக்குமாறு அமைத்துக் கனிகளை மும்மூன்றாய் இடையிட்டோம்.

பண்டிகைக் காலையில் பாட்டியார் அவ்வளையத்தை மடியில் வைத்து மறுபடியும் தடவிப் பார்த்தார்; இம்முறை விரல் எங்கும் நிற்கவில்லை. பின் அதனைக் கதவில் தூக்குமாறு கூறினார். அதனினும் பெரிய பரிசு எமக்கு வேண்டியதில்லை.

நம் கல்லூரி மாணவர் பலர் இல்லங்களிலும் இத்தகைய கைகள் இருக்கும். பின்னலோ, கூடை முடைதலோ, பாய் நெய்தலோ ஏதேனும் ஒன்றை அவை அறிந்திருக்கும். அக்கைகள் ஓய்வதற்கு முன்னர், வரும் விடுமுறையில் ஒருநாளேனும் அவற்றின் அருகிலமர்ந்து பயிலுமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கின்றோம்.