மணற்பாதையும் பழைய வண்டிகளும்

பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே கடலோரமாகச் செல்வோர், வல்லிபுர ஆழ்வார் கோயிலை அண்மியதும் நிலத்தின் தோற்றம் மாறக் காண்பர். தோட்டமும் வேலியும் ஒழுங்கையுமாக இருந்த குடாநாடு அங்கே வெண்மணற் பரப்பாகிவிடுகின்றது. சிறிது தூரத்தில் உள்ள ஊருக்கு மணற்காடு என்றே பெயர். அங்கே பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலுட் பாதி புதைந்து நிற்கின்றன. நகரும் மணலைத் தடுத்து நிறுத்தவே அப்பகுதியிற் சவுக்கு மரங்கள் நடப்பட்டன. அதற்கப்பால் நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, உடுத்துறை, வெற்றிலைக்கேணி எனச் சுண்டிக்குளம் வரையிற் செல்லும் கடற்கரை முழுவதும் மணலே.

இத்தகைய நிலத்தில் வண்டி ஓட்டுவது தனிக் கலை. கொழும்பு வீதியிலே சிறப்பாக ஓடும் புத்தம் புதிய கார் இங்கே வந்து சில்லுப் புதைந்து நிற்க, நாற்பது ஐம்பது வயதுடைய வண்டியொன்று அதனருகே முனகிக்கொண்டு கடந்து போவதைப் பலர் கண்டிருப்பர். பார்ப்பவர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றினும் அதற்குத் தக்க காரணம் உண்டு.

மணலில் வண்டியைத் தாங்குவது வலிமையன்று, பரப்பு. ஒரு மனிதன் குதிகாலை ஊன்றி நடந்தாற் கால் புதைகின்றது. உள்ளங்காலைப் பரப்பி நடந்தாற் புதைவது குறைகின்றது. சில்லும் அவ்வாறே. காற்று இறுக அடைத்த ரயர் மணலைக் கத்திபோல் வெட்டிக்கொண்டு இறங்கும். காற்றில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டால் ரயர் தட்டையாகி, நிலத்தில் அகலமாகவும் நீளமாகவும் படியும். சதுர அங்குலத்துக்கு 28 இறாத்தல் அமுக்கத்திலே புதைந்த வண்டி, 15 இறாத்தலுக்கு இறக்கியதும் எழுந்து நடப்பதுண்டு. இதை அறியாத சாரதி விசையை மேலும் மேலும் மிதிப்பார். சில்லு சுழலச் சுழலத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். ஈற்றில் வண்டியின் வயிறு மணலில் அமர்ந்துவிடும். அதன் பின்னர் எத்தனை குதிரை வலு இருந்தும் பயனில்லை.

ஈரமும் ஒரு துணை. காய்ந்த மணலில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியே உருளும். சிறிது நனைந்த மணலிலோ நீரின் மெல்லிய படலம் பருக்கைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றது. ஆகவேதான் அலை வந்து மீண்ட ஓரத்தில் வண்டி ஓடும். பத்து முழம் மேலே ஏறினாற் புதையும். எனினும் அலையோரத்தில் வண்டியை நிறுத்தி வைப்பது மதியன்று. நின்ற வண்டியின் சில்லைச் சுற்றி ஒவ்வோர் அலையும் மணலை அரித்துச் செல்லும்.

மோட்டார் வருமுன் இம்மணலை வென்றது மாட்டு வண்டி. அதன் இரும்புப் பட்டம் ஒடுக்கமானதே. ஆயின் சில்லு மிக உயர்ந்தது. உயர்ந்த சில்லுக்குத் தான் அழுத்திய பள்ளத்திலிருந்து ஏறி வெளிவருவது எளிது. சிறிய சில்லுக்கு அதே பள்ளம் ஒரு மதில். முற்காலத்து மோட்டார் வண்டிகள் உயர்ந்த சில்லுடன் வந்தமையும் இவ்வகையில் வாய்ப்பாயிற்று. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவிற் செய்யப்பட்ட போர்ட் ‘ரி’ வகைக் கார் பாதையே இல்லாத நாடுகளில் ஓடிப் புகழ் பெற்றதற்கு அதன் உயரமும் எளிமையும் காரணங்கள்.

இக்கலையை முறையாக ஆராய்ந்தவர் றால்ப் பக்னோல்ட் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. எகிப்திற் பணிபுரிந்த காலத்தில், விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் போர்ட் கார்களிலே லிபியப் பாலைவனத்துட் புகுந்தார். ரயரின் காற்றைக் குறைத்தல், மணல் மேட்டை வேகத்துடன் நேரே ஏறுதல், புதைந்த சில்லின் கீழ் இரும்புத் தகடுகளை இடுதல் ஆகியவற்றை அவர் செய்து பார்த்தே கற்றார். றேடியேற்றரிற் கொதிக்கும் நீராவியைக் குழாய் வழியே ஒரு தகரத்துட் செலுத்திக் குளிர்வித்து, அந்நீரை மீண்டும் பயன்படுத்தும் வழியையும் கண்டார். 1940ஆம் ஆண்டில் நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவை அமைத்தபோது இவ்வனுபவமே அவருக்கு மூலதனமாயிற்று. மறு ஆண்டில் மணல் காற்றில் எவ்வாறு பறக்கின்றது, மேடுகள் எவ்வாறு உண்டாகின்றன என்பது பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. இன்றும் அறிஞர் போற்றும் நூல் அது.

பக்னோல்டின் இரும்புத் தகட்டுக்குப் பதிலாக யாழ்ப்பாணத்தவனுக்குக் கிடைத்தது பனை. காவோலையையும் மட்டையையும் சில்லின் முன்னே பரப்பி ஏறிவிடலாம். கூலியும் இல்லை, தேடித் திரியவும் வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர் உலகுக்கு விட்டுச் சென்ற வண்டி ஜீப். நான்கு சில்லுகளும் இழுக்கும் அச்சிறு வண்டியின் எடை ஏறத்தாழ 1,100 கிலோகிராம். இலேசான உடல், நாற்சில்லு இழுவை என்னும் இரண்டும் சேர்ந்தமையால் மணலுக்கு அது மிகப் பொருந்திற்று. இங்கிலாந்தில் மோறிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தார். அது தேய்ந்தால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, 1947இல் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையொன்றின் மணலிலேயே அவர் புதிய வண்டியின் உருவைக் கோடிட்டுக் காட்டினார் என்பர். அவ்வாறு பிறந்த லான்ட் றோவர் 1948இல் ஆம்ஸ்ரடாம் கண்காட்சிக்கு வந்தது. உருக்குத் தட்டுப்பாட்டால் அதன் மேலுடலை அலுமினியக் கலவையாற் செய்தனர். உப்புக் காற்று வீசும் நாடுகளுக்கு அத்தட்டுப்பாடே நன்மையாய் முடிந்தது. ஆனாற் சட்டகம் இரும்பே. அலுமினியம் பளபளக்கப் பார்த்து மகிழ்ந்து, கீழே சட்டகம் துருவேறி உதிர்வதைக் காணாது விட்டவர் பலர்.

ஜீப்பும் லான்ட் றோவரும் எல்லோர்க்கும் வாய்த்தவையல்ல. குடாநாட்டின் பொதுமக்கள் வண்டிகள் வேறு: ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் மணலுக்கென்று செய்யப்பட்டதன்று. இழுப்பதும் பின் சில்லுகள் மட்டுமே. எனினும் எடை குறைந்தது. புதைந்தால் நால்வர் தள்ளி எடுக்கலாம். நான்கு பேரைத் தேட வேண்டாத ஊர்கள் அவை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1960களிலும் 1970களிலும் இறுகியபோது, புதிய கார் வாங்க முடியாத மக்கள் இருந்ததைப் பேணக் கற்றனர். தேய்ந்த பாகத்தைக் கடைந்தும் ஒட்டியும் மீண்டும் பொருத்தும் கராஜ்கள் பெருகின.

தட்டிவானைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. லொறிச் சட்டகத்தின் மேல் உள்ளூர்த் தச்சர் மரத்தால் உடல் அமைப்பர். பின்புறத்தே சங்கிலியிற் தொங்கும் பலகைத் தட்டி. அதைச் சாய்த்துவிட்டால் வண்டி நீண்டுவிடும். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே அது மிகப் பழக்கமான வண்டி. உள்ளே பலகை இருக்கைகளில் ஆட்கள். தட்டியில் மரக்கறிக் கடகம், மீன் கூடை, தேங்காய் மூட்டை. சந்தைக்குச் செல்லும் பெண்களுக்கு அது வண்டி மட்டுமன்று, பாதிச் சந்தையுமாகும். விலை பேச்சு ஏறும் இடத்திலேயே தொடங்கிவிடும். உடல் மரமானபடியாற் பழுது பார்க்க ஊர்த் தச்சனே போதும்.

இவ்வண்டிகளின் உண்மையான பரீட்சை 1990ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டது, மின்சாரமும் நின்றது. உதிரிப்பாகம், மின்கலம் ஆகியவை அருமையாயின. கையிற் கிடைத்தது மண்ணெண்ணெய். அதுவும் அளவாக, விலையேறி. அக்காலத்தில் பழைய ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. மக்கள் இதனை ஓர் அதிசயமாகச் சொல்வர். ஆயின் அதன் உட்பொருள் நுட்பமானது.

பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும்; மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பர். அது சூடேறியபின் மண்ணெண்ணெயை உறிஞ்சி ஓடும். மற்றொரு தடையும் உண்டு. மண்ணெண்ணெயை மிகுதியாக அமுக்கினால், தீப்பொறி மூட்டிய சுவாலை பரவி முடியுமுன்னரே எஞ்சிய கலவை தானாக வெடித்துச் சம்மட்டியால் அடிப்பதுபோல் இயந்திரத்தைத் தாக்கும். புதிய கார்கள் கலவையை ஒன்பது பங்குக்கு மேலும் அமுக்குவன. ஐம்பதுகளின் ஒஸ்ரினோ ஏறத்தாழ ஏழு பங்கே அமுக்கும். மட்டமான பெற்றோலுக்கென அமைக்கப்பட்ட அந்தக் குறைபாடுதான் அதனைக் காப்பாற்றியது. மேலும், இங்கிலாந்திலே 1949இல் வெளிவந்த பேர்கசன் உழவு இயந்திர வகையொன்று, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயில் ஓடவே வகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் செய்ததும் அடிப்படையில் அதே முறைதான். வேறுபாடு, அவர்களிடம் தொழிற்சாலை இல்லை என்பதே.

இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவரில் வழிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். தீப்பொறிச் செருகிகளில் கரி படியும். வீதியெங்கும் புகையும் நாற்றமும் பரவும். வழியில் இயந்திரம் அணைந்து குளிர்ந்துவிட்டால் மீண்டும் பெற்றோற் துளி வேண்டும். வடமராட்சி கிழக்கில் ஒரு கர்ப்பிணியையோ பாம்பு கடித்தவரையோ மந்திகை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் சாரதிக்கு அந்தச் சிறு போத்தல் எத்தகைய பொருள் என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவரே அறிவர். மணலில் ஒரு முறை புதைந்தால் இயந்திரத்தை அணைக்கவும் முடியாது, அளவின்றி ஓடவிடவும் முடியாது. காற்றை எங்கே இறக்குவது, எந்த மேட்டை எந்தப் பக்கத்தால் ஏறுவது என்பவை அங்கே பொழுதுபோக்குக் கேள்விகளல்ல.

2002இல் ஏ-9 வீதி திறந்தது. 2006இல் மீண்டும் மூடிற்று. போர் 2009இல் முடிந்தது. அதன்பின் புதிய வண்டிகள் வெள்ளமாக வந்தன. கடற்கரையிலோ இன்று மணலை ஆள்வது உழவு இயந்திரம். பெரிய பின் சில்லும் ஆழ்ந்த பற்களும் உடைய அது படகை இழுக்கின்றது, மீன் ஏற்றுகின்றது, கரைவலையையும் உருளை பூட்டி இழுக்கின்றது. வலை இழுத்துப் பிழைத்த பல கைகளுக்கு இதனால் வேலை போயிற்று என்ற முறையீடு கரையோர ஊர்களில் எழுந்ததும், அது நியாயமற்றதன்று என்பதும் சொல்லப்பட வேண்டியவை. இரு சில்லு உழவு இயந்திரத்தை மக்கள் இன்னும் லான்ட்மாஸ்ரர் என்றே அழைக்கின்றனர். அது முன்னர் வந்த ஓர் ஆங்கிலக் கம்பனியின் பெயர். இப்போதுள்ளவை பெரும்பாலும் யப்பானிலும் சீனாவிலும் பிறந்தவை. பெயர் மட்டும் வாரிசுரிமையாய் வந்துவிட்டது.

பழைய வண்டியை மணலில் ஓட்டுவோர் இன்றும் கைக்கொள்ள வேண்டியவை சில. கடலோரத்திலிருந்து மீண்ட அன்றே கிணற்று நன்னீரால் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுதல் வேண்டும். நாளைக்கென்று விட்ட உப்பு இரவே வேலையைத் தொடங்கிவிடும். உலர்ந்தபின் கழிவு எண்ணெயைச் சட்டகத்திற் பூசுதல் பழைய வழக்கம். அதை மண்ணிலும் கிணற்றடியிலும் சிந்தாமற் பூசுதல் வேண்டும், குடாநாட்டில் நிலத்தடி நீர் குடிநீராகவும் பயன்படுகின்றமையால். தார் வீதிக்கு ஏறுமுன் ரயருக்கு மீண்டும் காற்று அடைத்தல் வேண்டும். தட்டையான ரயருடன் வேகமாக ஓடினால் அதன் பக்கச் சுவர் சூடேறிக் கிழியும். இதற்கெனக் கால்மிதிப் பம்பி ஒன்றை இருக்கையின் கீழ் வைத்திருப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

தட்டிவான் இன்று அரிதாகிவிட்டது. கேம்பிரிட்ஜ் கார்கள் மெருகேற்றப்பட்டு மணமக்களை ஏற்றிச் செல்கின்றன. மணற்காட்டு வழியிற் போகும் மொறிஸ் மைனரைக் காண்பது அதனினும் அருமை. ஆயினும் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் உள்ள சில பழைய கராஜ்களில், பெருவிரலால் ரயரை அமுக்கிப் பார்த்தே காற்றின் அளவைச் சொல்லும் முதியவர்கள் இருக்கின்றனர். அவர்களிடம் வண்டியைக் கொடுத்தால், அது எந்தக் கரையால் ஓடிவந்தது என்பதைச் சில்லுத் தொட்டியில் ஒட்டிய மணலைப் பார்த்தே கூறிவிடுவர்.